வடைக்குச் சாம்பிராணி

ஹம்,
ஜேர்மனி, நவம்பர் 23

அன்பின் மகள் ஆதிரைக்கு,

அம்மா எழுதுறன். கீல் பட்டணத்தில நீ சுகமாய் இருக்கவேணுமெண்டு அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குறன். நாங்களும் சுகம் எண்டு எழுதத்தான் விருப்பம், எழுதினால் அது பொய். உன்ர பண்டியள் ரெண்டும் நல்ல சுகம். எங்களுக்குத்தான் சுகமில்லை.

போன் அடிச்சால் நீ எடுக்கிறாயில்லை. வாட்ஸ்அப்பில என்னை மறிச்சுப்போட்டாய் எண்டு கொப்பர் பார்த்துச் சொன்னார், அப்பாவை நீ மறிக்கேல்லையாம். சரி, இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடியுமட்டும் சனிக்கிழமை சனிக்கிழமையாய் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு திரிஞ்சவள் நான். அதால எனக்கும் ஒரு பலன் வரவேண்டாமே? கடுதாசியை மறிக்கிறதுக்கு ஒரு பொத்தானும் இல்லை. இருந்து வாசி.

முதல்ல உன்ர பண்டியளின்ர கதை. மேர்ஷ்வைன்ஷென் எண்டால் கடற்பண்டிக்குட்டி எண்டு நீதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னனி. அது கடலிலயும் இல்லை, பண்டியும் இல்லை, இங்கிலீசில கினிப்பிக் எண்டுற வாலில்லாத எலி. பெருச்சாளி எண்டு நினைச்சுக்கொள்ளும், பிள்ளையாரின்ர வாகனம்தானே எண்டு கொப்பர் பகிடி விடுறார். போன கிழமை காலமை வீட்டுக்குப் பின்வளவில கூட்டைத் திறக்கேக்க, உந்த வடை எண்டுறது குனிஞ்சு, தன்ர பின்பக்கத்திலயிருந்து வந்த புழுக்கையைத் தானே வாயால எடுத்துச் சப்பித் தின்னுறதை என்ர ரெண்டு கண்ணாலயும் பார்த்தன். நான் குடிச்ச தேத்தண்ணி அவ்வளவும் றோசாச் செடிக்குப் போச்சு. பிள்ளையாரின்ர வாகனம் இப்பிடித் தின்னுமோ எண்டு கொப்பரைக் கேட்டன். அவர் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியில போட்டார்.

பேர் வைச்சதும் பார், வடையாம், றோல்ஸாம். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குத் தட்டில வைச்சுக் குடுக்கிற சாமானின்ர பேரை எலிக்கு வைச்சிருக்கிறாய். போன மாதம் கோயிலில உழுந்து வடை தந்தவை. கையில வாங்கினவுடனை எனக்கு அந்தக் கூட்டு மணம் மூக்கில அடிச்சுது. பக்கத்தில நிண்ட பிள்ளையிட்டைக் குடுத்திட்டன்.

குளிர் இஞ்சை தொடங்கீட்டுது. காலமையில புல்லெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கு, தண்ணிப்போத்தல் மேலால உறைஞ்சுபோய்க் கிடக்கு. நீ கீலுக்கு வெளிக்கிடேக்க வாசல்படியில நிண்டு சொன்னதை நான் மறக்கேல்லை. உதுகள் குளிரில செத்துதெண்டால் இந்தப் படியை நான் திரும்ப மிதிக்கமாட்டன் எண்டனி. பெத்த தாயைப் பார்த்து எலிக்காகச் சொல்லுற சொல்லோ அது? ஆனால் நீ சொன்னதைச் செய்யிறவள். அது எனக்கு வடிவாய்த் தெரியும். அதாலதான் உந்த அரியண்டத்தை ஒவ்வொரு நாளும் குனிஞ்சு பார்த்து, ரெண்டும் மூச்சு விடுகுதோ எண்டு எண்ணிக்கொண்டு நிக்கிறன்.

வீட்டுக்குள்ள எடுக்கச் சொல்லாதை. சாமியறை இருக்கிற வீடு இது. விளக்கு வைக்கிற வீட்டுக்குள்ள எலி மூத்திரம் மணக்கவிட என்னால ஏலாது. கூட்டைச் சுத்திக் குளிர் போகாமல் அடைக்கிறதுக்குக் கொப்பர் தமிழ்க் கடையிலயிருந்து வெள்ளை றெஜிபோம் பெட்டியள் வாங்கிக்கொண்டு வந்தார். ஐசோட மீன் வந்த, பஞ்சுமாதிரிப் பாரமில்லாத பெட்டியள். கழுவினது எண்டு சொல்லுறார். எங்க கழுவினது? தெருப் பூனை எல்லாம் இப்ப எங்கட வளவிலதான் குடியிருக்குது. நான் அதுக்கு மேலால தடிச்ச பொலித்தீன் போட்டு, ஒரு ஓட்டையும் விடாமல் ஒட்டுற நாடாவால சுத்திக் கட்டிப்போட்டன். இனிக் காத்து உள்ள போகாது.

மற்றக் கதைக்கு வாறன். கோயிலுக்கு வாற அன்னப்பிள்ளை அக்காவிட்டை நீ மருத்துவம் படிக்கிறாய் எண்டு நான் சொன்னது பொய்யோ? மருத்துவம்தானே. ஆருக்கு மருத்துவம் எண்டு அவ கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. கோயில் மண்டபத்தில எல்லாருக்கும் முன்னால அவ சீலையைத் தூக்கி முழங்காலைக் காட்டி, டொக்டர்ப் பிள்ளை, இந்த வீக்கத்துக்கு என்ன செய்யலாம் எண்டு உன்னைக் கேப்பா எண்டு நான் கனவு கண்டனோ? நீ என்னை ஒரு பார்வை பார்த்திட்டுப் போய்க் காருக்குள்ள இருந்திட்டாய். பிள்ளை வெக்கப்படுறாள் எண்டு நான் சமாளிச்சன். அண்டையோட நீ என்னோட கதைக்கிறதை விட்டிட்டாய்.

உனக்குக் கோவம் வரலாம், எனக்கு வரக்கூடாதோ? வகுப்பில நல்ல புள்ளி எடுத்த பிள்ளை. ஆசிரியையே உன்னைப் பற்றிப் புழுகிப் பாராட்டினவ. அப்பிடிப்பட்டவள் போயும் போயும், வேலை பழகிற அவுஸ்பில்டுங் எண்டு நாயின்ர வாலைத் தூக்கிப் பாக்கப் போறாள். பூனை கக்கின சத்தியை அள்ளுற வேலை. அந்த வேலைக்கு டொச்சுப் பாஷையில முழ நீளத்தில ஒரு பேர் இருக்கு எண்டு நீ ரெண்டு மூண்டு தரம் சொன்னனி. என்ர வாயில அது வராது. வரவேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து உன்ர சாமான்களை ஏத்திக்கொண்டு போ. சாமான்கள் எண்டு நான் சொல்லுறது உயிருள்ள ரெண்டையும்தான். கீலில வாடைக் காத்து கூடவாம், கழுத்தை மூடிக்கொண்டு திரி. காலமையில வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதை.

இப்படிக்கு,
இன்னும் கோவம் ஆறாத
அம்மா

*

ஹம்,
ஜனவரி 4

அன்பு மகளுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாய் அமையட்டும். லீவுக்கு நீ வரேல்லை. பண்டியள் உயிரோடையோ எண்டு கொப்பருக்கு ஒரு வரி அனுப்பினாய். அவர் ஓம் எண்டு ஒரு சொல் போட்டாராம். மனுசன் காசு குடுத்துச் சொல்லு வாங்கிறவர்மாதிரி. அந்த ஓமுக்குப் பின்னால நடந்ததை நான் எழுதுறன். வேற ஆரும் உனக்கு அரைகுறையாய்ச் சொல்ல முதல் என்னட்டையிருந்து வரட்டும்.

கிறிஸ்மசுக்கு முதல் வந்த வெள்ளிக்கிழமை. கொப்பர் வேலைக்குப் போட்டார். நான் தலை முழுகி, விளக்கு வைச்சிட்டு, மரக்கறித் தோல்களைக் கொண்டுபோய்க் கூட்டைத் திறந்தன். திறந்தவுடனை வந்த நாத்தத்தில கண்ணால தண்ணி வந்திட்டுது. காத்துப் போகாமல் நான் கட்டின பொலித்தீனுக்கு உள்பக்கம் முழுக்கத் தண்ணி. அது சொட்டிச் சொட்டி வைக்கோல் எல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு. றோல்ஸ் ஒரு மூலையில கொஞ்சம் காய்ஞ்ச இடத்தைப் பிடிச்சிட்டுது. வடை மற்றப் பக்கம். அதின்ர வயித்து மயிர் எல்லாம் மூத்திரத்தில தோய்ஞ்சு, மஞ்சளாய்ச் சடை விழுந்து, புழுக்கை ஒட்டி, சீ, எழுதேக்கயே எனக்குக் கை கூசுது.

அந்தக் கோலத்தில அதை விட எனக்கு மனம் வரேல்லை. இரக்கம் எண்டு நினைக்காதை. அருவருப்பு. ரெண்டு கைக்கும் பிளாஸ்டிக் பை போட்டுக்கொண்டு, இளஞ்சூட்டுத் தண்ணியில குழந்தைப்பிள்ளைச் சோப்புப் போட்டு வடிவாய்க் கழுவினன். அது கத்தின கத்தில எனக்குக் காது அடைச்சுது. கழுவி முடியேக்க என்ர விரதச் சீலையில மூத்திரமும் பெஞ்சுது.

கழுவினாப்பிறகுதான் நடுங்கத் தொடங்கிச்சு. துவாயால துடைச்சன், நிக்கேல்லை. தலை காயவைக்கிற மெசினைப் போட்டன், உயிர் போறமாதிரிக் கத்துது. கண் ரெண்டும் வெளியில வந்திட்டுது. செத்துப்போகப் போகுது எண்டு நினைச்சன். நீ படியில நிண்டு சொன்னது காதுக்குள்ள கேட்டுது. தலை முழுகின பிள்ளை குளிர்ந்தால் நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? சாம்பிராணி பிடிக்கிறனாங்கள். உனக்கும் கூடைக்கு மேல மயிரை விரிச்சுப் பிடிச்சனான், ஒரு நாளும் உனக்குச் சளி தடிமன் பிடிக்கேல்லை. வீட்டுக்குள்ள போட்டால் கூரையில இருக்கிற புகைமணி கத்தும். அதால பின்வளவில கொப்பர் இறைச்சி வாட்டுற கிறிலுக்குள்ள கொஞ்சம் கரி மூட்டி, தணலாக்கி, சாம்பிராணியைத் தூவினன். வடையை உருளைக்கிழங்கு போடுற கம்பிக் கூடைக்குள்ள வைச்சு, தணலிலயிருந்து நல்ல உயரத்தில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஒரு கையால மூடியை விசிறினன்.

இதை வேலிக்கு அங்கால நிண்டு பாக்கிறவைக்கு எப்பிடித் தெரியும் எண்டு எனக்கு அந்த நேரம் ஓடேல்லை.

பக்கத்து வீட்டு ஃப்ராவ் கெஸ்லருக்கு நான் வருஷா வருஷம் சித்திரைக்குப் பலகாரம் குடுக்கிறனான். கோடையில ஒரு நாள், இந்தப் பிராணியின்ர பேர் வடையாமே, அதுக்கு என்ன கருத்து எண்டு கேட்டவ. நீங்கள் சாப்பிட்டனீங்கள்தானே, எண்ணெயில பொரிக்கிறது, நல்ல உருசி எண்டு நான் சிரிச்சுக்கொண்டு சொன்னனான். அவ சிரிக்கேல்லை. அதை நான் அண்டைக்குக் கவனிக்கேல்லை.

சாம்பிராணிப் புகை அடங்க முதல் கேற்றடியில ஆக்கள். பொலிசுக்காரப் பெடியன் ஒருத்தன், அவனோட மிருகங்களின்ர அலுவல் பாக்கிற அரசாங்கக் கந்தோரிலயிருந்து ஒரு பொம்பிளை. வேலிக்கு மேலால ஃப்ராவ் கெஸ்லரின்ர தலை. நான் துவாயில சுத்தின வடையும் கையுமாய் நிக்கிறன், பின்னால கிறில் புகையுது. இதைச் சமைக்கிறதுக்கோ வைச்சிருக்கிறாய் எண்டு பெடியன் கேட்டான்.

ஆதிரை, எனக்கு வந்த அருவருப்பை எழுத ஏலாது. முட்டை போட்ட கேக்கையே வெள்ளிக்கிழமையில தொடாதவளைப் பார்த்து, எலி தின்னுவியோ எண்டு கேக்கிறான். டொச் முழுக்க மறந்துபோச்சு. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டன் எண்டு கத்தினன். அங்கதான் பிழை விட்டன். அப்ப மற்ற நாளில சாப்பிடுவியோ எண்டு கேட்டான்.

அந்தக் கந்தோர்ப் பொம்பிளை நல்லவ. என்ர கையிலயிருந்து வடையை மெதுவாய் வாங்கினா, மோந்து பார்த்தா. நான் ஓடிப்போய்ச் சாம்பிராணிப் பைக்கற்றைக் கொண்டுவந்து காட்டி, பிள்ளையைக் கையில ஏந்திறமாதிரி ஏந்தி, தலையைத் துவட்டுறமாதிரித் துவட்டி, புகை பிடிக்கிறமாதிரிப் பிடிச்சுக் காட்டினன். விளங்கீட்டுது அவவுக்கு. பேந்து எனக்கு நல்ல பேச்சு. புகை உதுகளின்ர நெஞ்சுக்கு நஞ்சாம். குளிர் காலத்தில குளிக்க வாக்கவே கூடாதாம். பொலித்தீனைத் தன்ர கையாலயே கிழிச்செறிஞ்சா. குளிர் இதுகளைக் கொல்லாது, ஈரந்தான் கொல்லும் எண்டா. காய்ஞ்ச வைக்கோல் நிறையப் போட்டு, காத்துப் போய் வர வழி விட்டு, ரெண்டும் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு கிடக்க இடம் குடுத்தால் தங்கட சூட்டிலயே இருந்துகொள்ளுமாம். திரும்ப வந்து பாப்பாவாம், அப்பவும் இப்பிடியெண்டால் ரெண்டையும் கொண்டுபோய்விடுவாவாம். வடையை உடனை மிருக வைத்தியரிட்டைக் காட்டச் சொன்னா.

அப்பதான் ஃப்ராவ் கெஸ்லர் வேலிக்கு மேலால சொன்னா, இந்தப் பிராணியளின்ர சொந்தக்காரி மகள்தான், அவள் மருத்துவம் படிக்கிறாள், அவளுக்குத் தெரிஞ்சால் விடமாட்டாள் எண்டு. அவவுக்கும் நான் அப்பிடித்தான் சொல்லி வைச்சனான். கந்தோர்ப் பொம்பிளை என்னைத் திரும்பிப் பார்த்தா. உன்ர மகள் டொக்டருக்குப் படிக்கிறாளோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். மிருகங்களுக்கு எண்டன். அப்ப மிருக டொக்டரோ எண்டு கேட்டா. ஓம் எண்டு சொல்ல நாக்கு நுனி மட்டும் வந்தது. அதுக்கும் இல்லை எண்டன். அப்ப என்ன வேலை எண்டா.

எனக்கு அந்தச் சொல் தெரியாது, ஆதிரை. நீ எத்தினை தரம் சொன்னாய், நான் காதில விழுத்தேல்லை. என்ர பிள்ளை என்ன வேலை பழகிறாள் எண்டு ஒரு பொலிசுக்காரனுக்கு முன்னால கேக்க, பேர் தெரியாத தாயாய் நான் நிண்டன். நாயின்ர வாலைத் தூக்கிப் பாக்கிறமாதிரிக் கையால காட்டினன். பெடியன் மற்றப் பக்கம் திரும்பிச் சிரிச்சான்.

வைத்தியரிட்டை ஃப்ராவ் கெஸ்லர்தான் காரில கொண்டுபோனா. பொலிசுக்குப் போன் அடிச்சதுக்கு வழியில என்னட்டை மன்னிப்புக் கேட்டா. சரி எண்டன். ஆனால் வாற சித்திரைக்கு அவவுக்கு வடை இல்லை.

அங்கை வைத்தியர் பிறகுதான் வந்தார். முதல் வந்தது ஒரு பிள்ளை, உன்ர வயசுதான் இருக்கும், தலைமயிரை உன்னைமாதிரியே உச்சியில முடிஞ்சிருந்தாள். வடையைத் திருப்பிப் பார்த்திட்டு, வாய்க்குக் கீழ நாடியடியில ஒரு கட்டி இருக்கு எண்டு காட்டினாள். நான் இவ்வளவு நாளும் அதைக் கொழுப்பு எண்டு நினைச்சன். வைத்தியர் வந்து கீறிப்போட்டுப் போனார். பேந்து முழுக்க அந்தப் பிள்ளைதான் செய்தாள். சீழை அமத்தி அமத்தி எடுத்தாள். தயிர்மாதிரி வந்தது. அந்த மணத்துக்கு நான் சுவரோட சாய்ஞ்சிட்டன். அவள் மூக்கைச் சுழிக்கேல்லை. வடையோட ஏதோ மெல்லக் கதைச்சுக்கொண்டு, ஒட்டின புழுக்கையை ஒவ்வொண்டாய் நனைச்சு எடுத்து, மயிரை வெட்டி, துடைச்சு, சூட்டுப் பையில படுத்தினாள். கையைக் கழுவிப்போட்டு எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் குடிச்சன். அந்தக் கையால தந்த தண்ணியைக் குடிச்சன் எண்டது பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

புழுக்கை தின்னுறதைப் பற்றியும் கேட்டன். அது தின்னவேணுமாம், அதிலதான் அதுக்குச் சத்து இருக்காம். சரி, தின்னட்டும். எனக்கு முன்னால தின்னாமல் இருந்தால் காணும்.

அவளின்ர நெஞ்சில பேர் குத்தியிருந்தது. பேருக்குக் கீழ முழ நீளத்தில ஒரு சொல். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிக்க, தன்ர பேரை வாசிக்கிறன் எண்டு நினைச்சுப் பேரைச் சொன்னாள். அது இல்லைப் பிள்ளை, கீழ இருக்கிறது எண்டன். ஆறுதலாய்ச் சொல்லித் தந்தாள். டியர்மெடிட்சினிஷ ஃபாஹ்அங்கெஸ்டெல்ட. மிருக வைத்தியருக்குப் பக்கத்தில நிண்டு மருந்து வேலை செய்யிறவள் எண்டு கருத்தாம். என்ர மகளும் இதுதான் எண்டன். அவளின்ர தாய் ஆக்களுக்கு என்ன சொல்லுறாவோ எண்டு காரில வரேக்க யோசிச்சுக்கொண்டு வந்தன்.

வடை தப்பீட்டுது. ஆனால் ஒருக்கால் வீட்டுச் சூட்டுக்குப் பழகினால் குளிர் முடியுமட்டும் வெளியில விடக்கூடாதாம், தனியவும் விடக்கூடாதாம். அதால ரெண்டும் இப்ப உன்ர அறையில. சாமியறைக் கதவை நான் பூட்டித்தான் வைச்சிருக்கிறன். ஊசியில்லாக் குழாயால காலமையும் பின்னேரமும் வடையின்ர வாய்க்குள்ள மருந்து விடுறது நான்தான், கொப்பருக்கு அது வாய் திறக்குதில்லை. விட்டாப்பிறகு ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிறன். கந்தோர்ப் பொம்பிளை திரும்ப வந்து பார்த்திட்டு, எல்லாம் சரி எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

வருஷப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போனனாங்கள். அன்னப்பிள்ளை அக்கா முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு வந்து, டொக்டர்ப் பிள்ளை எப்ப வருவா எண்டு கேட்டா. அந்தச் சொல்லை நான் ஒரு எழுத்து விடாமல் முழுக்கச் சொன்னன். அவ பயந்துபோய், ஐயோ, பிள்ளைக்கு அது என்ன வருத்தம், மருந்து இருக்கோ எண்டு கேட்டா. வருத்தம் இல்லை அக்கா, வேலை, நாய் பூனைக்கும் கடற்பண்டிக்கும் மருந்து கட்டுறவள், உங்கட முழங்காலுக்கு ஆகமாட்டாள் எண்டன். அவ முழங்காலை விட்டிட்டு நேரை மற்றப் பொம்பிளையளிட்டைப் போனா. பின்னேரத்துக்குள்ள ஹம் முழுக்கத் தெரிஞ்சிருக்கும், இப்ப வுப்பர்டால் பட்டணத்துச் சனம் வரைக்கும் போயிருக்கும். போகட்டும்.

உதுகளை எனக்குப் பிடிச்சுப்போச்சு எண்டு மட்டும் நினைச்சிடாதை. இப்பவும் பார்த்தால் உடம்பு கூசுது. உன்ர கட்டிலுக்குப் பக்கத்தில கிடந்து ரெண்டும் கீச்சுக் கீச்செண்டு கத்துது, கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தலையை நிமித்திப் பாக்குது. வாறது நான் எண்டு கண்டவுடனை திரும்ப வைக்கோலுக்குள்ள போகுது. வடைக்கு மருந்து கட்டின இடம் ஆறீட்டுதோ, இன்னும் சீழ் இருக்கோ எண்டு எனக்குப் பார்க்கத் தெரியாது. அதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இந்த வீட்டில ஒராள்தான்.

தைப்பொங்கல் வருது. ஒரு நாள் லீவு எண்டாலும் கேட்டுப் பார். றெயில் பிந்தினால் ஸ்ரேசனுக்குக் கொப்பர் வந்து நிப்பார். படியை மிதிக்கமாட்டன் எண்டனி, ரெண்டும் உயிரோடைதான் இருக்கு. உன்ர ரெண்டு கைக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: உறையில உன்ர பேருக்குக் கீழ அந்தச் சொல்லையும் டொச்சில எழுதியிருக்கிறன். இன்னும் படிச்சு முடியேல்லை எண்டு தெரியும், முடிப்பாய்தானே. எழுத்து ஏதும் பிழையெண்டால் வந்து திருத்து.